முதுகு வலியும் நரம்பின் குறிகளும்

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சத்தியவேடு ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய அவ்வூர்ப்பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உள. நாற்று நட்டுக் குனிந்த இடுப்பில் நோவு கண்ட ஒருவர் சென்னைக்குச் சென்றால் தமிழிலும், திருப்பதிக்குச் சென்றால் தெலுங்கிலும் அதனை எடுத்துரைக்க வேண்டியவராகிறார். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. முதுகு வலி என்றவுடன் மருத்துவர் எவற்றைக் கேட்டறிய விரும்புகிறார் என்பதை மட்டும் இங்கே கூறுவோம்.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் தொடர். அவற்றின் இடையிடையே, உள்ளே கூழும் வெளியே நாருமாக அமைந்த வட்டுகள் உண்டு. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் செல்கின்றன. முதுகு வலிகளுட் பெரும்பாலானவை தசையையும் தசைநாரையும் பற்றியவை. சில வாரங்களில் தாமே தணிபவை. நாட்கணக்கில் பலகையில் படுத்துக் கிடக்கும் பழைய வழக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. இயன்ற அளவு நடமாடுவதே நன்று.

வட்டின் கூழ் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தும்போதுதான் கதை வேறாகிறது. அப்போது வலி இடுப்போடு நில்லாமல், பிட்டத்தின் வழியாக முழங்காலுக்குக் கீழும் ஓடும்; இருமினால் மிகும். ஐந்தாம் இடுப்பு நரம்பு அழுத்தப்பட்டால் புறங்காலில் உணர்வு குன்றும். பெருவிரலை மேலே தூக்க இயலாது. அதற்கு அடுத்த நரம்பானால் பாதத்தின் வெளியோரம் மரத்துப் போகும். நுனிக்காலில் நிற்பது கடினமாகும். ஆகவே ‘கால் முழுதும் நோவு’ என்பது போதாது. எந்த விரல், எந்தப் பக்கம் என்று விரலை வைத்துக் காட்டுதல் வேண்டும். வலியையும் மரத்தலையும் ஒன்றாக்கிச் சொல்லுதலும் ஆகாது. தெலுங்கில் இடுப்பு வலி ‘நடுமு நொப்பி’. மரத்துக் கூசுதல் ‘திம்மிரி’. கை திமிர்த்தது என்று நாம் சொல்லும் சொல்லுக்கு அது உறவு போலும்! இந்தியில் முன்னது ‘கமர் தர்த்’. மரத்துப் போனதை ‘சுன்ன்’ என்பர்.

படுத்தாலும் தணியாத வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை சேர்ந்து வருமாயின் முதுகெலும்பில் காசநோய் உண்டோ என ஆராய்தல் வேண்டும். அந்நோயைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1975-இல் தொடங்கிய சோதனையில், நோயாளிகளுள் ஒரு சாராருக்கு அறுவையும் மருந்தும், மற்றவர்க்கு ஆறு அல்லது ஒன்பது மாத மருந்து மட்டும் அளித்தனர். மருந்து மட்டும் உண்டவர்கள் நடமாடிக்கொண்டே குணமடைந்தனர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும், அவர்களுள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் நலமாயிருந்தனர். கால்கள் செயலிழக்கத் தொடங்கியவர்க்கு அறுவை தேவைப்படலாம். இந்நோய்க்கான மருந்து இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

நாள் பார்க்காமல் ஓடவேண்டிய நிலை ஒன்றுண்டு. தண்டுவடம் முடியுமிடத்துக்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலத் தொங்குகின்றன. அக்கற்றை நசுங்கினால், சேணத்தில் அமரும்போது படும் இடங்கள் மரத்துப் போகும். சிறுநீர் அடைபடும், அல்லது அறியாமல் கழியும். இரு கால்களும் தளரும். நம்மவர், பெண்கள் குறிப்பாக, இதனைச் சொல்ல நாணுவர். வெறும் இடுப்பு நோவென்றே கூறி வீடு திரும்பிவிடுவர். தாமதம் சில மணி நேரமானாலும் இழந்த கட்டுப்பாடு மீளாமற் போகலாம். ‘மூத்ரம்’ என்றால் தெலுங்கரும் கன்னடியரும் அறிவர். வடக்கே ‘பேஷாப்’ எனல் வேண்டும். இரவாயினும் அவசரப் பிரிவில் அச்சொல்லையே முதலிற் சொல்லுக.