பீடித்தட்டும் பின்மண்டை வலியும்

கடையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மத்தியான நேரம் தெருவில் நடந்தால், வாசல் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். மடியில் தட்டு. அதில் வெட்டிய இலை, தூள், நூல். இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி முடிக்கும் வரை பார்வை விரலை விட்டு நகராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் தலையும் லேசில் நிமிராது. “பிடரியில பிடிச்சு கண்ணு வரைக்கும் இழுக்குது” என்ற புகார் இவர்களிடமிருந்து வந்தால், இயன்முறை மருத்துவர் கண்ணையும் தலையையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது.

கழுத்தில் கிளம்பும் வலி கண்ணில் தெரிவது எப்படி? கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தியும், முகத்துக்கும் நெற்றிக்கும் உரிய முக்கிளை நரம்பின் செய்தியும், மூளைத்தண்டின் அடியில் தொடங்கிக் கழுத்துத் தண்டுவடம் வரை நீளும் ஒரே நரம்புக்கூட்டத்தில் வந்து சேர்கின்றன. எந்த வழியாக வந்தது என்று மூளைக்குப் பிரித்தறிய முடிவதில்லை. இப்படி வரும் கழுத்துவழித் தலைவலிக்கு 1983-இல் தனிப் பெயர் கொடுத்து வரையறுத்தவர் நார்வே நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஷோஸ்டாட்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மைக்ரேன் வரும்போதும் பலருக்குக் கழுத்து வலிக்கும். அதனால் கழுத்து வலிக்கிறது என்பது மட்டும் போதாது. வலி எப்போதும் ஒரே பக்கமா, கழுத்தை அசைத்தால் கூடுகிறதா, வாந்தியும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வருகிறதா என்று கேட்க வேண்டும். மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரைக் கணக்கையும் கேட்க வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்கும்.

கை வைப்பதற்கு முன்பே விலக்க வேண்டியவை சில. இடி விழுந்ததுபோல் திடீரென வந்த கடுந்தலைவலி, காய்ச்சலோடு குனிய முடியாத கழுத்து, விழுந்தபின் வந்த வலி, பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கி, நெற்றிப்பொட்டைத் தொட்டாலும் சாப்பாட்டை மென்றாலும் வலித்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும். இவர்களுக்குக் கழுத்துப் பயிற்சி அல்ல, உடனே ஆஸ்பத்திரி. கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் விரல்களின் நுணுக்கம் குறையும், நடை தள்ளாடும். மற்றவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடுவதில் தெரியும் இந்தத் தடுமாற்றம், பீடி சுற்றுபவருக்கு நூல் கட்டுவதில் தெரியக்கூடும். “கை வேகம் குறைஞ்சு போச்சு” என்று அவர் சொன்னால் அதை வயசுக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பிறகுதான் சோதனை. அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, நாடி நெஞ்சில் படும்படி கழுத்தை முழுதாக மடக்கி, அப்படியே தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார் இயன்முறை மருத்துவர். மடக்கிய நிலையில் கீழ்க்கழுத்து இறுகிக்கொள்வதால், திருப்பம் பெரும்பாலும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே நடக்கும். ஏறத்தாழ 45 பாகை திரும்ப வேண்டும். வலியுள்ள பக்கம் 30-ஐ ஒட்டியே நின்றுவிட்டால் மேல்கழுத்தின் மீது சந்தேகம் வலுக்கும். கருவி எதுவும் கேட்காத சோதனை இது.

ஆனால் பலர் வருவதே எக்ஸ்ரே உறையோடுதான். “எலும்பு தேஞ்சு போச்சாம்” என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. நடுவயதைத் தாண்டியவர்களில் கழுத்து வலியே இல்லாத ஏராளமானோருக்கும் அந்தத் தேய்மானம் படத்தில் தெரியும். படத்தை மட்டும் பார்த்து மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை மாட்டிவிடுவது தசையைத்தான் பலவீனமாக்கும்.

குனிந்த தலை கழுத்துக்குப் பாரம் என்பதற்கும் ஒரு கணக்கு பிரபலம். 5 கிலோ அளவுள்ள தலை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ அழுத்தம் என்று 2014-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் சொன்னார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. குனிந்தாலே நோய் என்று அதற்குப் பொருளில்லை. இடைவெளியின்றி ஒரே நிலையில் இருப்பதையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஆகவே மதிப்பீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது, அவரைத் தட்டோடு உட்காரச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்ப்பது. தட்டு மடியில் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, முதுகுக்குச் சுவர் உண்டா, வெளிச்சம் எந்தப் பக்கம், எப்போது தோள் காதுவரை ஏறுகிறது? கிளினிக்கில் இது தெரியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. அந்த வருகையில் இதைப் பார்த்துவிடலாம்.

கழுத்துவழித் தலைவலிக்குக் கைமுறைச் சிகிச்சையும், கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளுக்கான மெல்லிய பயிற்சியும் பலன் தருவதை ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் குழுவினர் 200 பேரிடம் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். ஆறு வாரச் சிகிச்சையின் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. பயிற்சிக்குச் செலவில்லை. தட்டுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்துவதற்கும் செலவில்லை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்ற ஆலோசனைக்குத்தான் விலை உண்டு; எழுந்த நேரத்தில் சுற்றாமல் போன பீடிகளின் கூலி அது.