வகையறிந்து மாற்றுவோம்

கணிப்பொறி செய்யும் வேலைகளில் பல, நம் வகுப்பறையில் அன்றாடம் நடப்பவையே. தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே 'தேர்ச்சி' என்றோ 'தேர்ச்சி இல்லை' என்றோ எழுதுகிறோம் அல்லவா? 72, 35, 28 என்னும் மூன்று எண்கள் மூன்று விடைகளாகின்றன. வரிசை மாறுவதில்லை, எண்ணிக்கை கூடுவதோ குறைவதோ இல்லை, பழைய பட்டியலும் அழிவதில்லை. இவ்வாறு வரிசையாக அடுக்கிய பட்டியலை 'அணி' என்றும், ஒரே விதியை அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பொருத்துவதை 'மேப்' என்றும் கூறுவர்.

கணக்குப் பாடத்தில் நாம் பயிலும் சார்பே இந்த விதி. சார்புக்கு மதிப்பகமும் துணை மதிப்பகமும் உண்டென அறிவோம். 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 'எஃப் ஷார்ப்' போன்ற கண்டிப்பான கணிப்பொறி மொழிகளில் அவற்றின் இடத்தில் 'வகை' நிற்கிறது. எண்ணைப் பெற்றுச் சொல்லைத் தரும் விதியை எண்களின் அணிக்குப் பொருத்தினால், கிடைப்பது சொற்களின் அணி. அதை மறந்து அச்சொற்களுக்குச் சராசரி காண முயன்றால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, அதைச் சரிபார்க்கும் கம்பைலர் தடுத்துவிடும்.

இதனால் விளையும் நன்மை யாது? தேர்வுக்கு வராத மாணவியை எடுத்துக்கொள்வோம். அவள் பெயருக்கு நேரே பூச்சியம் இட்டால், காய்ச்சலில் படுத்தவளும் தோற்றவள் ஆகிவிடுவாள். ஆகவே, 'எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதற்கென்றே 'ஆப்ஷன்' என்னும் வகை அம்மொழியில் உண்டு. அவ்வகை அணிக்கு, எண்ணை மட்டுமே அறிந்த விதியைப் பொருத்தக் கம்பைலர் இசையாது. வராதவளுக்கு என்ன எழுதுவது என்பதை நாம் முன்னரே எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

வகையைக் கவனியாமையால் நேர்ந்த பேரிழப்பு ஒன்றையும் காண்போம். அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலம், 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் தொடர்பற்று மறைந்தது. கலத்தின் உந்துதல் கணக்கை ஒரு நிரல் பவுண்டு-விசை அளவில் தந்தது. அதைப் பெற்ற இடத்திலோ நியூட்டன் அளவென்று கொண்டனர். ஒரு பவுண்டு-விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன் ஆகும். ஒவ்வோர் எண்ணையும் 4.45 ஆல் பெருக்கும் சிறு 'மேப்' ஒன்று அங்கே இல்லாமற்போயிற்று. எண் சென்றது, அதன் அலகு உடன் செல்லவில்லை.

எஃப் ஷார்ப்பில் எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதலாம். பவுண்டையும் நியூட்டனையும் கூட்ட முயன்றால் பிழையென்று கம்பைலர் சுட்டிக்காட்டும். ஆயினும், வெளியிலிருந்து வரும் எண்ணுக்கு நாமே தவறான அலகைக் கொடுத்தால், அதையும் அது நம்பிவிடும். எனவே, எழுதும் எண் எதைக் குறிக்கும் எண் என்று அறிந்து எழுதும் பொறுப்பு நம்முடையதே. கணக்கேட்டில் விடையோடு அலகையும் மறவாமல் எழுதும் பழக்கத்தை இன்றே மேற்கொள்வோமாக!