250 கிராம் கடலை, 40 கிராம் கேஸ்

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கு 250 கிராம் கருப்புக் கொண்டைக்கடலை போதும். கிலோ 100 ரூபாய் என்றால் 25 ரூபாய். வெங்காயம், தக்காளிக்கு 12, கால் தேங்காய்க்கு 10, கடலை எண்ணெய் 30 மில்லிக்கு 6, புளிக்கும் மசாலாப் பொடிக்கும் தாளிப்புக்கும் 5. ஆக 58 ரூபாய். ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம் என்பதால் சோற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. மளிகை விலைகள் 2025-ஐ ஒட்டி நானே வைத்துக்கொண்டவை. உங்கள் கடைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தக் கால் கிலோவில் ஏறத்தாழ 47 கிராம் புரதம் இருக்கிறது, ஆளுக்கு 12 கிராம் வரும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் தேவை என்பது ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன அளவு. இதே 47 கிராமை முட்டையில் எடுக்க எட்டு முட்டை வேண்டும். முட்டை ஆறரை ரூபாய் என்றாலும் 52 ரூபாய். கடலை பாதி விலையில் முடித்துவிடுகிறது.

அடுப்புச் செலவுக்கு வருவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கிய நாளிலிருந்து சென்னையின் இந்தப் பக்கம் ஷிப்ட் நேரத்தைப் பார்த்துச் சமைக்கிற ஊர்கள்தான். காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் வெந்திருக்கும் ஸ்லோ குக்கர்மேல் ஆசை வருவது இயல்பு. அதன் பிறப்பே பயறுக்காகத்தான். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-ல் காப்புரிமை பெற்ற மின்பானையே பின்னாளில் ‘நாக்சன் பீனரி’ என்ற பெயரில் விற்பனையானது. ரைவல் நிறுவனம் அவரிடமிருந்து வாங்கி 1971-ல் ‘கிராக்-பாட்’ என்று பெயர் மாற்றியது.

200 வாட் ஸ்லோ குக்கர் 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 201 முதல் 400 யூனிட் வரை எரிக்கும் வீட்டுக்கு, மானியம் போக 2025-ல் யூனிட் 4 ரூபாய் 70 காசு. ஒரு சமையலுக்கு ஏழரை ரூபாய் ஆகிறது.

பிரஷர் குக்கரில் அதே கடலை, இரவு முழுக்க ஊறியது, வெயிட் ஏறிய பிறகு சிம்மில் 20 நிமிடம். மொத்தம் சுமார் 40 கிராம் கேஸ் போகும். 14.2 கிலோ சிலிண்டர் 2025-ல் சென்னையில் 868 ரூபாய் 50 காசு. கிலோவுக்கு 61 ரூபாய். 40 கிராமுக்கு இரண்டரை ரூபாய்கூட ஆகாது. திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டால் 145 கிராம் வரை, 9 ரூபாய். ஸ்லோ குக்கர் திறந்த பாத்திரத்தைத்தான் தோற்கடிக்கிறது, பிரஷர் குக்கரை அல்ல.

பலர் பார்க்காத ஒன்று மின்கட்டண அடுக்கு. மாதம் 12 சமையல் என்றால் இரண்டு மாதத்தில் 38 யூனிட். கோடையில் ஏசி ஓடி 470 யூனிட்டில் நிற்கும் வீடு இதனால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால், 2025 கட்டணப்படி 2 ரூபாய் 35 காசுக்குக் கிடைத்த 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் 4 ரூபாய் 70 காசுக்குப் போய்விடும். அதில் மட்டும் 235 ரூபாய் கூடுதல்.

ஆள் இல்லாமல் வேக வேண்டும் என்பவர்களுக்குக் கேரளத்தில் வழி இருக்கிறது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் பரப்பிய சூடாறாப்பெட்டியில், கொதித்த பாத்திரத்தை மூடி வைத்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே வேகும். குக்கரில் வெயிட் ஏறியதும் 5 நிமிடம் சிம்மில் விட்டு அணைத்து, கெட்டிப் போர்வையில் சுற்றித் தெர்மகோல் பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்தாலும் இதே வேலைதான். மிச்சம் 15 கிராம் கேஸ், 90 காசு. சிறிய தொகைதான், ஆனால் அடுப்பருகில் நிற்கவேண்டியதில்லை. சாப்பிடும் முன் மறுபடி நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வெதுவெதுப்பாக நாள் முழுக்கக் கிடக்கும் பயறு கெட்டுப்போகும்.

கடலை எவ்வளவு நேரமானாலும் வேகவில்லை என்றால் தண்ணீரைக் கவனியுங்கள். உப்புக் கடுமையான போர் தண்ணீரில் பயறு இறுகும். குடிக்கிற தண்ணீரிலேயே ஊறவைத்து வேகவையுங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. புளி, தக்காளி எல்லாம் கடலை மெத்தென்று வெந்த பிறகுதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஸ்லோ குக்கரை மூடினால் எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் பல்லில் கடிபடுவது இந்தப் புளிப்பால்.

ராஜ்மா விஷயத்தில் விளையாடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் நஞ்சு முழுக் கொதியில்தான் அழியும். 80 டிகிரி அளவுச் சூட்டில் அதன் வீரியம் ஐந்து மடங்கு வரை கூடலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். பச்சை ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது.

பயறு, மசாலா 58 ரூபாய், கேஸ் இரண்டரை ரூபாய். தலைக்கு 15 ரூபாய் சொச்சம். எரிபொருள் இதில் நூற்றுக்கு நாலு. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டில் ஏற்கெனவே குக்கர் இருப்பவர்கள் ஸ்லோ குக்கருக்கு 3,000 ரூபாய் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு 30 கிலோ கடலை வரும். மாதம் 12 வேளை என்றால் பத்து மாதக் குழம்பு.