பதினெட்டு வயதுக்கு முன்னர்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு எங்கள் கிளைகளுக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே வினாவை எழுப்புகின்றனர்: "மைனர் கணக்கில் இதுவரை நான்தானே கையெழுத்திட்டேன், இப்போது மட்டும் ஏன் கூடாது?"

வினா நியாயமானதே. ஆயினும் 18 வயது நிறைந்தவுடன் எவரும் சட்டத்தின் பார்வையில் மேஜர் ஆகிவிடுகின்றனர். பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை அன்றோடு முடிவடைகிறது. மாற்றுத்திறன் சான்றிதழ் கையில் இருந்தாலும் அந்த உரிமை நீடிப்பதில்லை. அது குறைபாட்டின் அளவைக் கூறும் ஆவணமே அன்றிக் காப்பாளர் நியமனம் அன்று.

இதே 18 என்னும் எல்லை பள்ளி வாழ்விலும் குறுக்கிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தேர்வில் எழுத்தர் உதவியும் கூடுதல் நேரமும் தருகிறது. மூன்றாம் மொழியிலிருந்து விலக்கும் அளிக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு பாடங்களாக எழுதி முடிக்க விரும்புவோர் தேசிய திறந்தநிலைப் பள்ளியை நாடுகின்றனர்.

பாடத்தைக் காட்டிலும் பள்ளி தரும் ஒழுங்கே இக்குழந்தைகளுக்குப் பெரிது. அதே வேன், அதே இருக்கை, அதே நேரத்தில் மணி. வீட்டின் சமையலும் தந்தையின் அலுவலகப் புறப்பாடும் தங்கையின் படிப்பும் அந்த அட்டவணையைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. பள்ளி நின்ற மாதத்தில் உறக்கம் கெடுவதையும் பழைய பதற்றங்கள் திரும்புவதையும் பெற்றோர் எங்களிடம் கூறியதுண்டு. அந்த நெருக்கடியின் நடுவே காப்பாளர் விண்ணப்பத்தையும் சுமப்பது கடினம். ஆகவேதான் முன்னதாகவே ஆயத்தமாகுமாறு வேண்டுகிறோம்.

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, காப்பாளர் உண்மையிலேயே தேவையா என்பது. மதியிறுக்கம் உடையோர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர். தம் கணக்கைத் தாமே நடத்த வல்லவர் பலர். 10 வயது நிறைந்த சிறார் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது. அதன் வரம்புகளை அந்தந்த வங்கி வகுக்கும். மாதம் ஒருமுறை சிறு தொகை எடுத்து, பாஸ்புக்கில் பதிந்து, கையெழுத்தை ஒரே வடிவில் இடப் பழகுவது நல்ல பாடம். எத்தனையோ பாடப்புத்தகக் கணக்குகளைவிட இது பயன் தரும் என்பது எங்கள் கருத்து.

இயலாது எனத் தெளிவானால் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி காட்டுகிறது. மாவட்ட ஆட்சியர் நிலையிலான அலுவலர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட உள்ளூர் நிலைக் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். அக்குழு வழங்கும் காப்பாளர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கவும் இயக்கவும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. காப்பாளர் பொறுப்பேற்ற ஆறு மாதத்துக்குள் சொத்து, கடன் விவரப் பட்டியலை அளிக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். தாயே ஆனாலும் இதில் விலக்கு இல்லை. ஆகவே பிள்ளையின் பணத்தைக் குடும்பக் கணக்கோடு கலவாது தனியே வைப்பதே நன்று.

இதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் சேர்ந்தோருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. பேச்சுப் பயிற்சி போன்ற சிகிச்சைகளும் அதில் அடங்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "எங்களுக்குப் பின் தங்கை பார்த்துக்கொள்வாள்" என்கின்றனர் பெற்றோர். அத்தங்கையிடம் கேட்டீர்களா என்று வினவினால் பெரும்பாலும் மௌனமே விடை. அவளுக்கும் பதினாறு, பதினேழு வயதில் இதைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு. மறுப்பாளாயின் வேறொரு உறவினரைத் தேட இன்னும் காலம் இருக்கும்.

கிளைக்கு வருமுன் மேலாளரிடம் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். டோக்கன் மணியும் கூட்டமும் குறைந்த பிற்பகல் வேளையொன்றைக் குறித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். முதல் முறை கையெழுத்து எதுவுமின்றி, இடத்தைப் பார்த்துப் பழகிச் செல்வதற்கு மட்டுமே வந்தாலும் போதும்.