இந்தியாவின் புதிய குற்றவியல் சட்டங்கள்

இந்தியாவின் புதிய குற்றவியல் சட்டங்கள் என்பவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் ஆகிய மூன்று சட்டங்கள் ஆகும். இவை முறையே இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், இந்திய சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்கு மாற்றாக வந்தன.

பின்னணி

இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் அளித்தது. அது 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சாட்சியச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. நடைமுறைச் சட்டம் மட்டும் விடுதலைக்குப் பின், 1973இல், புதிதாக இயற்றப்பட்டது. அதுவும் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்ததே.

புதிய சட்ட முன்வரைவுகள் 2023 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, பின் திரும்பப் பெறப்பட்டு, திருத்தங்களுடன் டிசம்பரில் மீண்டும் வந்தன. அம்மாதம் 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

முக்கிய மாற்றங்கள்

* தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302இலிருந்து 103 ஆனது. ஏமாற்றுபவரைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லாகவே மாறிவிட்ட 420, இப்போது 318(4).
* சில சிறு குற்றங்களுக்குச் சமுதாய சேவை ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டது.
* குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம். மின்னணு வழியில் தகவல் தந்தவர் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும்.
* ஏழாண்டும் அதற்கு மேலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்தைப் பார்வையிட வேண்டும். மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு.

பழைய வழக்குகளின் நிலை

பழைய சட்டங்கள் நீக்கப்பட்டாலும் அவற்றின் பயன்பாடு முடிந்துவிடவில்லை. ஒரு செயல் நிகழ்ந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறியிருந்தால் மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியும். அன்றைய சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதல் தண்டனையும் தர இயலாது. இது அரசியலமைப்பின் 20(1) உறுப்பு வழங்கும் பாதுகாப்பு. எனவே 2024 ஜூன் 30இல் நடந்த திருட்டுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதற்கான வழக்கு ஜூலையில் பதியப்பட்டால், புலனாய்வு புதிய நடைமுறைச் சட்டப்படி நடைபெறும். ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த புலனாய்வுகளும் விசாரணைகளும் பழைய நடைமுறைப்படியே தொடரும். இதனால் காவலர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பல ஆண்டுகளுக்கு இரு தொகுதிச் சட்டங்களையும் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

விமர்சனங்கள்

பெரும்பாலான பிரிவுகள் எண் மட்டும் மாறித் தொடர்கின்றன என்பது ஒரு விமர்சனம். உச்ச நீதிமன்றம் 2022இல் நிறுத்திவைத்த தேசத்துரோகப் பிரிவு (124அ) நீக்கப்பட்டபோதும், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு செய்வதைத் தண்டிக்கும் 152ஆம் பிரிவு அதைவிட விரிவானது என்போர் உள்ளனர். நடைமுறைச் சட்டம் போலீஸ் காவலுக்கான 15 நாட்களைப் பகுதி பகுதியாகக் கேட்க இடமளிப்பதும் கேள்விக்குள்ளானது. இந்திப் பெயர்களுக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்புவோருக்கான 106(2) பிரிவு, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்தையடுத்து, மற்றப் பிரிவுகளுடன் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.