கழுத்துச் சங்கிலி 'டாலர்' எங்கிருந்து வந்தது? ஜெர்மன் வெள்ளி நாணயங்களின் கதை!

செயினில் தொங்கும் பதக்கத்தை 'டாலர்' என்கிறோம். அமெரிக்கப் பணமும் டாலர்தான். இந்தப் பெயரின் வேர், 500 வருடங்களுக்கு முந்தைய 'தாலர்' என்ற வெள்ளி நாணயத்தில் இருக்கிறது. நாணயம் சேகரிப்பவர்களுக்கு இன்றும் அது ஒரு தனி உலகம்.

இன்றைய செக் குடியரசில் இருக்கும் மலையூர் யோவாகிம்ஸ்தால். ஜெர்மன் மொழியில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. அங்கே தோண்டிய வெள்ளியில் ஷ்லிக் பிரபுக்கள் 1520 வாக்கில் பெரிய நாணயங்கள் அடித்தார்கள். ஊர்ப் பெயரால் அது 'யோவாகிம்ஸ்தாலர்' ஆனது. பேச்சில் சுருங்கி 'தாலர்' என்று நிலைத்தது.

ஆளுக்கொரு நாணயம்

அன்று ஜெர்மனி ஒரே நாடு அல்ல. சிற்றரசர்கள், பிஷப்புகள், நகரங்கள் எனப் பலரும் சொந்தமாக நாணயம் வெளியிட்டார்கள். பிரன்ஸ்விக் பகுதி தாலர்களில் மரத்தைக் கையில் பிடித்த காட்டு மனிதன் நிற்பான். 1643-ல் வந்த 'மணி தாலர்' வரிசையில் ஒன்றில் நாக்கு இல்லாத மணி இருக்கும். இன்னொன்றில் நாக்கு மட்டும் இருக்கும்!

மக்களை ஏமாற்றிய காசு

1566-ல் தாலரின் எடை சுமார் 29 கிராம் என்று நிர்ணயித்தார்கள். அதில் சுத்த வெள்ளி மட்டும் சுமார் 26 கிராம். ஆனால், 1618-ல் முப்பதாண்டுப் போர் தொடங்கியதும் ஆட்சியாளர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. சில்லறைக் காசுகளில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கலந்தார்கள். நல்ல காசுகளைப் பொறுக்கியெடுத்து உருக்கினார்கள். விலைவாசி எகிறியது. மாதச் சம்பளத்தை நம்பியிருந்த ஆசிரியர்களும் பாதிரியார்களும் தவித்தார்கள். 1623 வாக்கில் பழைய தரம் திரும்பியபோது, மக்கள் கையிலிருந்த கலப்படக் காசு கிட்டத்தட்ட செல்லாக்காசு ஆகியிருந்தது. தராசுத் தட்டு ஏறி இறங்குவதைக் குறிக்கும் விதமாக, இந்தக் காலத்தை 'கிப்பர் உண்ட் விப்பர்' என்கிறார்கள்.

வாங்கும் முன் கவனியுங்கள்

* முதலில் எடை போடுங்கள். அந்த நாணயத்துக்கு உரிய எடையிலிருந்து அதிகம் விலகினால் உஷார்.

* விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அங்கேயும் தாலரைக் கழுத்தில் அணிந்தார்கள். வளையம் ஒட்டிய தழும்போ, அடைத்த துளையோ இருந்தால் விலை குறையும்.

* பாலிஷ் போடாதீர்கள். காலம் தந்த கருமைதான் அழகு. தேய்த்தால் மதிப்பு போய்விடும்.

* '1780' என்ற ஆண்டைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வருடம் இறந்த மகாராணி மரியா தெரசாவின் தாலரை, அதே ஆண்டைப் பொறித்தே இன்றுவரை அடிக்கிறார்கள். அதனால், பெரும்பாலானவற்றுக்கு வெள்ளியின் விலைதான் கிடைக்கும்.

400 வருடங்களுக்கு முன் தராசை நம்பியவர்கள்தான் தப்பித்தார்கள். நாணயம் சேகரிப்பவர்களுக்கு இன்றும் அதுதான் முதல் பாடம்!