ஒழுங்கில் தோற்ற அச்சுக்கூட அதிபர்

கூலிக்கு உழைப்பவனின் நாளுக்கு ஓர் எல்லையுண்டு. வேலை முடியும் மணி அடித்ததும் கருவியை வைத்துவிட்டு அவன் வீடு நோக்கி நடக்கலாம். கூலி போதவில்லையே என்ற ஏக்கம் அவனுக்கு உண்டு. ஆயின், நாளைக்குக் கடதாசி வந்து சேருமா, கடன் வாங்கியவன் பணம் தருவானா, பழுதுற்ற இயந்திரத்தைத் திருத்துவது யார் என்னும் கவலைகள் அவன் தலைமேல் ஏறுவதில்லை. தொழிலை உடையவனின் நிலை வேறு. கடையைப் பூட்டிய பின்னரும் அவன் மனத்தில் அது திறந்தே கிடக்கிறது. செய்யவேண்டிய கருமங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுகிறான். ஐந்தை முடித்துக் கோடிடுவதற்குள் அடியில் ஏழு புதிதாக முளைத்துவிடுகின்றன.

இத்துன்பத்துக்கு மருந்து கூறும் நூல்கள் இன்று மலிந்து கிடக்கின்றன. பட்டியலை எவ்வாறு செவ்வனே வகுப்பது என்பதையே அவற்றுட் பல கற்பிக்கின்றன. ஆனால், எவரும் வியக்கும் வண்ணம் பட்டியலும் நேரசூசியும் வகுத்துக்கொண்டு, பின்னர் அவற்றில் தோல்வியுற்ற ஒருவர் வரலாற்றில் இருக்கிறார். தம் தோல்வியை அவர் மறைக்காது எழுதிவைத்தும் சென்றார். அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளினே அவர்.

மின்னலை ஆராய்ந்த விஞ்ஞானியாகவும், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட அரசியலறிஞராகவும் பிராங்கிளினை நம் மாணவர் அறிவர். வாழ்வின் முற்பாதியில் அவர் ஓர் அச்சுக்கூட முதலாளி. 1706ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில், மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் தமையனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகப் புகுந்தார். பதினேழாம் வயதில் அங்கிருந்து தப்பியோடிப் பிலடெல்பியாவை அடைந்தார். 1728இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டே ‘பென்சில்வேனியா கசெற்’ என்னும் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. 1732இல் ‘ஏழை ரிச்சர்ட்’ பஞ்சாங்கம் வெளிவரத் தொடங்கியது. 1736இல் சட்டசபையின் எழுதுவினைஞராகவும், 1737இல் பிலடெல்பியாவின் தபாலதிபராகவும் ஆனார். இவற்றினிடையே 1731இல் ஒரு சந்தா நூலகமும், 1736இல் ஒரு தீயணைப்புச் சங்கமும் அவர் முயற்சியால் எழுந்தன. செய்தி திரட்டல், அச்சுக்கோப்பை மேற்பார்த்தல், கடை வாணிகம், கடன் வசூல், தபால் விநியோகம், சங்கக் கூட்டம் ஆகிய அத்தனையும் ஒரே மனிதரின் வாயிலில் வந்து நின்றன.

இச்சுமையை ஒழுங்கினால் வெல்லலாம் என்று அவர் நம்பினார். பதின்மூன்று நற்பண்புகளைத் தெரிந்து, அவற்றைக் கைவரச் செய்வதற்கு ஒரு சிறிய புத்தகம் கட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு நிரல். பண்புகளுக்குப் பதின்மூன்று வரி. தவறு நேர்ந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு பண்பாகப் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளிகளை அழித்தழித்துக் கடதாசி ஓட்டையானமையால், பின்னர் தந்தத் தகட்டில் கோடுகள் வரைந்து, பென்சிலாற் குறித்து, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொண்டார்.

அப்பண்புகளுள் ஒன்று ஒழுங்கு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வோர் அலுவலுக்கும் ஒரு வேளை என்பதே அதன் சாரம். அதற்காக இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் நேரசூசி ஒன்று வகுத்தார். காலை ஐந்து மணிக்கு விழித்து, அன்று என்ன நன்மை செய்யலாம் எனத் தம்மையே வினவுவார். எட்டு முதல் பன்னிரண்டு வரை தொழில்; பின்னர் இரண்டு மணிநேரம் வாசிப்பும் கணக்குப் பார்த்தலும் உணவும்; மீண்டும் ஆறு மணிவரை தொழில். அதன்பின் பொருள்களை உரிய இடத்தில் வைத்தல், இசை, உரையாடல், அன்றைய நாளைப் பற்றிய விசாரணை. பத்து மணிக்குத் துயில். இன்றும் இந்நேரசூசியைப் படியெடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வோர் பலர்.

அதை ஒட்டிக்கொள்வோர் பெரும்பாலும் அவர் அடுத்துக் கூறியதை வாசிப்பதில்லை. பண்புகள் அனைத்திலும் தமக்கு மிகுந்த தொல்லை கொடுத்தது ஒழுங்கே என்று பிராங்கிளின் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் கூர்மையானது. தன் நேரத்தைத் தானே பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒருவனுக்கு, உதாரணமாகக் கூலிக்கு வேலை செய்யும் அச்சுத் தொழிலாளிக்கு, இத்தகைய நேரசூசி இயலக்கூடும். முதலாளிக்கு அது இயலாது. அவன் உலகத்தோடு கலந்து பழகவேண்டியவன். அலுவலாக வருவோரை, அவர்கள் வரும் வேளையிலேயே வரவேற்கவேண்டியவன்.

முதலாளியின் நாள் அவனுடையதன்று என்பதே இதன் பொருள். அச்சுக்கூலி தரவருபவன், விளம்பரம் கொண்டுவருபவன், கடிதம் வந்ததா என்று கேட்பவன் ஆகிய எவரும் அவனுடைய நேரசூசியைப் பார்த்து வருவதில்லை. ஆகையால், பட்டியலை நன்றாக எழுதினால் பாரம் குறையும் என்னும் நம்பிக்கை, நோயின் வேரைத் தொடாத மருந்தாகிறது. எழுதுபவனின் சோம்பலாற் பட்டியல் நீளவில்லை. உலகமே அதில் வரிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் பிராங்கிளின் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கொல்லனிடம் கோடரி வாங்கினான். அலகு மட்டுமன்றி முழு முகமும் பளபளக்கவேண்டும் என்றான். சாணைச் சக்கரத்தை நீ சுற்றினால் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். சுற்றியவன் களைத்தான். இன்னும் புள்ளிகள் இருக்கின்றனவே, சுற்று என்று கொல்லன் சொல்ல, எனக்குப் புள்ளியுள்ள கோடரியே பிடித்திருக்கிறது என்று சொல்லி அவன் வாங்கிச் சென்றான். குறையோடு அமைதி காணும் மனித இயல்பை நகைப்பதற்கு இக்கதை கூறப்பட்டது. எனினும் அதில் வேறொரு பாடமும் உண்டு. மரம் வெட்டுவது அலகு, முகமன்று. எது அலகு, எது முகம் எனப் பிரித்தறியாதவன் வாழ்நாளெல்லாம் சக்கரம் சுற்றவேண்டியதுதான்.

தம் தொழிலில் அப்பிரிவினையைப் பிராங்கிளின் செய்தார். அவருடைய உண்மையான பரிகாரம் தந்தத் தகட்டில் இல்லை. அவர் எழுதிய பங்குடன்படிக்கைகளில் இருக்கிறது. 1731இல் தம் தொழிலாளருள் ஒருவரான தோமஸ் விற்மார்ஷ் என்பவரைத் தென் கரோலினாவிலுள்ள சார்ள்ஸ்டன் நகருக்கு அனுப்பினார். அச்சியந்திரமும் எழுத்துக்களும் பிராங்கிளினுடையவை; செலவில் மூன்றிலொன்று அவருடையது; இலாபத்திலும் மூன்றிலொன்று அவருக்கு. எஞ்சிய பொறுப்பும் பயனும் அங்கே தொழில் நடத்துபவருக்கு. விற்மார்ஷ் 1733இல் இறக்க, லூயிஸ் திமொதி அவ்விடத்துக்குச் சென்றார். அவர் கற்றவர், நேர்மையானவர்; ஆனால் கணக்கெழுத அறியாதவர். இடையிடையே பணம் வந்தது. தெளிவான கணக்கு ஒருநாளும் வரவில்லை.

1738இல் திமொதியும் இறந்தார். அவருடைய மனைவி எலிசபெத் தொழிலை ஏற்றார். ஒல்லாந்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்கே பெண்களுக்கும் கணக்கியல் கற்பிக்கப்பட்டது. பழைய கணக்குகளைத் தம்மால் இயன்றவரை தெளிவாக்கி அனுப்பினார். பின்னர் மூன்று மாதத்துக்கொருமுறை பிசகாமற் கணக்குக் கொடுத்தார். குழந்தைகளை வளர்த்து ஆளாக்கினார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அச்சுக்கூடத்தை விலைக்கு வாங்கி மகனிடம் ஒப்படைத்தார். கைம்பெண்ணுக்கு இசையும் நடனமும் உதவுவதைவிடக் கணக்கறிவு உதவும் என்று பிராங்கிளின் இதனாற் கண்டார். பெண் கல்வி பற்றிப் பேசுவோர் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

பிறரிடம் பொறுப்பை விடுவது எளிதெனத் தோன்றும். உண்மையில் அதுவே அரிது. நானே செய்தால் விரைவில் முடியும் என்ற எண்ணம் ஒவ்வொரு முதலாளியின் காதிலும் ஓதிக்கொண்டேயிருக்கிறது. கூட்டு வாணிகங்கள் பல சண்டையில் முடிவதையும், தம்முடையவை நட்போடு முடிந்ததையும் பிராங்கிளின் ஒப்பிடுகிறார். ஒவ்வொருவரும் செய்யவேண்டியதையும் எதிர்பார்க்கக்கூடியதையும் முன்கூட்டியே விளக்கமாக எழுதிவைத்தமையே அதற்குக் காரணம் என்கிறார். திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே இருப்பதை நம் வாசகர் அறிவர். தகுதி ஆராய்ந்து வினையை ஒருவனிடம் விடவேண்டும் என்று அரசனுக்குச் சொல்லப்பட்ட நீதியை, கடல் கடந்த நாட்டு அச்சுக்காரர் அனுபவத்தாற் கற்றுக்கொண்டார்.

1748இல் அவர் பெரிய முடிவுக்கு வந்தார். ஸ்கொத்லாந்தில் பிறந்து, இலண்டனில் தொழில் செய்து, 1744இல் பிலடெல்பியாவுக்கு வந்திருந்த டேவிட் ஹோலைப் பங்காளியாக்கி, அச்சுக்கூடத்தை அவர் கையில் விட்டார். பதினெட்டாண்டு உடன்படிக்கை, அது 1766 வரை நடந்தது. அப்போது பிராங்கிளினுக்கு வயது நாற்பத்திரண்டு. நகரின் அமைதியான பகுதிக்கு வீடு மாறினார். இனித் தம் நேரத்துக்குத் தாமே எசமானாகலாம் என்ற மகிழ்ச்சியை அவ்வாண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார். மின்சாரம் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகள் 1751இல் இலண்டனில் நூலாக வந்தன. 1752இல் பட்டப் பரிசோதனை நிகழ்ந்தது. உலகம் இடிதாங்கியைப் பெற்றது. அச்சுக்கூடத்தை விடாது பற்றியிருந்தால் கணக்குப் புத்தகத்தில் சில ஆயிரம் கூடியிருக்கலாம், இவை கிடைத்திரா. ஓய்வுள்ளவர் என்று கண்டதும் பொதுமக்கள் அவர்மேல் புதிய கடமைகளைச் சுமத்தினார்கள் என்பதும் உண்மையே. பட்டியல் மறையவில்லை, மாறியது. ஆனால் அது அவர் விரும்பி ஏற்ற பட்டியல்.

இக்கதையை இவ்வளவில் நிறுத்தினால் பாதி உண்மையையே சொன்னவராவோம். ஒருவருடைய பட்டியல் குறையும்போது அது யாருடைய தோளில் ஏறுகிறது என்று கேட்கவேண்டும். அவருடைய மனைவி டெபோரா துண்டுப்பிரசுரங்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார், கடதாசி செய்வோருக்காகப் பழைய கந்தைத் துணிகளை வாங்கிச் சேர்த்தார். கணவர் ஆண்டுக்கணக்கில் இங்கிலாந்தில் இருந்தபோது இல்லத்தையும் அலுவல்களையும் தாங்கியவரும் அவரே. 1774இல் அவர் இறந்தபோது கணவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அன்றியும் பிராங்கிளினின் பத்திரிகை அடிமைகளை விற்கும் விளம்பரங்களால் வருவாய் பெற்றது. அவர் வீட்டிலும் அடிமைகள் வேலை செய்தனர். முதுமையில், 1787இல், அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790இல் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார். அதனாற் பழைய கணக்குத் தீர்ந்துவிடாது.

ஹோலுக்கும் எலிசபெத்துக்கும் வேலையோடு பங்கும் போயிற்று. அடிமைகளுக்கு வேலை மட்டுமே போயிற்று. பொறுப்பைப் பகிர்தலும் சுமையைத் தள்ளுதலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இலாபத்தில் பங்குண்டா, முடிவெடுக்கும் உரிமை உண்டா, விலகிச் செல்லும் சுதந்திரம் உண்டா என்று கேட்டால் வேற்றுமை தெரியும்.

இன்று பட்டியலின் முன் திகைத்து நிற்கும் தொழிலதிபர் எவரும், சிறு கடைக்காரராயினும் பெரிய ஆலைக்காரராயினும், பிராங்கிளினின் நேரசூசியைப் படியெடுப்பதற்கு முன் அவருடைய உடன்படிக்கைகளை எண்ணிப் பார்க்கலாம். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, எப்போது என்று எழுதுமுன், யார் என்று எழுதவேண்டும். அந்தப் பெயர் தம்முடையதன்றாயின், அதற்கு நேரே அவருக்குரிய பங்கையும் எழுதவேண்டும்.